வண்டி ஒரு மணி நேரம் தாமதம்

1

மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கினாலே நான் நாளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். அன்று காலை பத்து மணிக்கு வீராயி என் கடைக்கு வருவாள். சிகாமட் டவுனுக்கு நான்கு மைல் தள்ளியிருக்கிற ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்தே வருவாள். கையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் ஒரே ஒரு பழைய பத்திரிகைத் தாள். "படிங்க கிராணியய்யா" என்று நீட்டுவாள். நான் படிப்பேன். கேட்டு முடித்ததும் தாளை மடித்து டின்னில் வைத்து, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போவாள்.

இருபத்திரண்டு வருடமாக இது நடந்தது. இருபத்திரண்டு வருடமும் நான் படித்தது அந்தத் தாளில் இல்லாத செய்தி.

அக்கரை மலாய் நாட்டிலிருந்து ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் டுரியான் பழத்தின் நாற்றத்தையும் இங்கே கொட்டுகிற மழையையும் பற்றி எழுதுவது வழக்கம். நானும் இரண்டொரு தடவை அப்படி எழுதி அனுப்பினேன், நீங்களும் போட்டீர்கள். இந்தத் தடவை அதற்கு மனசு இல்லை. செய்த காரியம் ஒன்று நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. கேட்க ஆள் இல்லை. இங்கே இருக்கிற ஆட்களிடம் சொல்ல முகமும் இல்லை.

என் கடை ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. பென்சில், மைக்கூடு, மனு எழுதும் தாள், இவற்றோடு சிங்கப்பூரிலிருந்து வண்டியில் வரும் தமிழ்ப் பத்திரிகைகள். பத்திரிகையால் ஒரு குடும்பத்தைக் கெடுத்தவன் பத்திரிகை விற்றுச் சாப்பிடுகிறேன். இந்த நாட்டில் வேறு எந்தத் தொழிலும் எனக்கு வாய்க்கவில்லை.

2

நான் கப்பல் ஏறி வந்தது அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலைக்கு. அதாவது குமாஸ்தா. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்த ஆட்களின் பேரைப் பதிய வேண்டும். ரப்பர் பால் வெட்டி முடிந்தபின் வாளிகளை நிறுத்து எழுத வேண்டும். மற்ற நேரம் என்னை யாரும் கேட்பதில்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் நான் ஒருவன்தான் இருந்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

கடிதம் படிப்பதில் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. எனக்கு முன்னால் இருந்த கிராணி சொல்லிக்கொடுத்தது. கெட்ட சேதியை ஒரேயடியாகப் படிக்கக்கூடாது. "தாயார் காலமாகிவிட்டார்" என்று எழுதியிருந்தால் முதல் நாள் "உடம்புக்குச் சுகமில்லையாம்" என்று படிக்க வேண்டும். "நாளைக்கு இன்னொரு தடவை கொண்டு வா, எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்று அனுப்ப வேண்டும். மறுநாள் "கொஞ்சம் மோசந்தான்" என்று படிக்க வேண்டும். மூன்றாம் நாள் உள்ளதை உள்ளபடி. கடிதம் கொண்டுவருகிறவனுக்கும் இது தெரியும். எழுத்துத் தெரியவில்லை என்று நான் சொன்னதுமே அவன் முகம் மாறிவிடும். ஆனாலும் அந்த இரண்டு நாளை அவன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போவான். எழுபது வீட்டில் ஒருவர்கூட அதைப் பொய் என்று சொன்னதில்லை.

கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்வது எனக்குப் புதிதும் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் வாத்தியார் ஒரு பாடத்தை எங்களுக்கு உருப்போட வைப்பார். இன்ஸ்பெக்டர் முன்னால் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு அந்தப் பாடத்தை ஒப்பிப்போம். ஒரு தடவை நான் புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தடங்கலில்லாமல் ஒப்பித்து, இன்ஸ்பெக்டர் கையால் பேனா பரிசு வாங்கினேன். ஊரைவிட்டு வந்தபோது நான் கொண்டுவந்த வித்தை அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் சிங்கப்பூர் வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்திரிகைக்கு நான் ரகசியமாகச் செய்தியும் எழுதி வந்தேன். தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பெயர் இல்லாமல் 'சிகாமட் நிருபர்' என்று வரும். பத்திரிகையைச் சொந்தமாக நடத்தி வந்த ஆசிரியர் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில், "கண்டதை எழுதும், கேள்விப்பட்டதை எழுத வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

3

அப்போது ஐரோப்பாவில் மூண்ட பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்த தூர தேசத்தில், பஸ்ரா பக்கம் ரயில் பாதை போடவும் படகில் சாமான் ஏற்றவும் ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக ஆள் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்திலேயே கைநாட்டு வாங்கினார்கள். ரயில் பாதை வேலை, ஒரு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சண்டை என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கைநாட்டு வைத்தவர்கள் பதினெட்டுப் பேர். அதில் வீராயியின் புருஷன் சோலைமலையும் ஒருவன். ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்தார்கள், நம்பர் அடித்தது.

அந்த வாரம் பஸ்ராவிலிருந்தே ஒரு கடிதம் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே போனவன் யாரையோ பிடித்து எழுதவைத்து, சோலைமலைக்கு அனுப்பியிருந்தான். குண்டு விழுகிறது, காய்ச்சலில் சாகிறார்கள், குழி வெட்டுகிற வேலைதான் அதிகம், உங்கள் தோட்டத்திலும் ஆள் எடுப்பார்கள், வராதே என்று இருந்தது. அந்த ஒரு கடிதத்தை மட்டும் நான் தவணை வைக்காமல் முதல் நாளே முழுசாகப் படித்தேன். அதற்கு நான் இன்றும் வருத்தப்படவில்லை.

சோலைமலை அதிகம் பேசாத ஆள். கேட்டுவிட்டு, "யாரு சண்டையோ. அதுக்கு எங்க ஆளுங்க எதுக்குங்க?" என்றான். பெண்களைத் திரட்ட வீராயிதான் வீடு வீடாகப் போனாள்.

வண்டி ஏற்றுகிற நாளன்று பதினெட்டுப் பேரும் ஸ்டேஷனுக்குப் போகுமுன்பே பெண்கள் போய்விட்டார்கள். நாற்பது பேர் இருக்கும். வண்டி வந்து நின்றதும் என்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் இறங்கி வரிசையாக உட்கார்ந்தார்கள். பால் வெட்டும் கத்தியை ஒருத்தியும் கொண்டுவரக்கூடாது என்று வீராயி சொல்லியிருந்தாள். கைக்குழந்தைகள் மடியில் இருந்தன. ஆண்கள் பிளாட்பாரத்தில் நின்றார்கள், ஏறவில்லை. போலீஸ்காரர் வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சினார். வீராயி அவரிடம், "எங்க ஆளுங்களைக் குடுக்க மாட்டோங்க. எங்களுக்குச் சண்டை வேணாம். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். என்ஜின் டிரைவர் இறங்கி வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

நான் தபால் வாங்குகிற சாக்கில் அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஆட்கள் இல்லாமலே வண்டி போயிற்று. தோட்டத்துத் துரை, அப்புறம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பெண்கள் சேலையில் கரியோடு நான்கு மைல் நடந்து திரும்பினார்கள். நான் மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாசி மகம் கழிந்த ஞாயிறு, பத்திரிகை வந்தது. கோயில் முன்னால் என்றைக்கும் இல்லாத கூட்டம். பாய் விரித்து எனக்கு இடம் போட்டிருந்தார்கள். உறையைப் பிரித்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன்.

'சிகாமட்டில் உற்சாக வழியனுப்பு' என்று தலைப்பு. பஸ்ராவில் சர்க்கார் ஊழியம் புரிய மனமுவந்து கைநாட்டிட்ட தொழிலாளர் பதினெண்மரைக் காண, ஸ்டேஷனில் ஸ்திரீகள் குழந்தைகளோடு பெருந்திரளாகக் கூடினார்கள் என்றும், கூட்ட மிகுதியால் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாயிற்று என்றும் போட்டிருந்தது. கீழே 'சிகாமட் நிருபர்'.

ஐம்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீராயி முன்வரிசையில் இருந்தாள். தாளை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அதில் இருந்ததை விட்டுவிட்டு, நான் எழுதி அனுப்பியதை மனசிலிருந்து ஒப்பித்தேன்.

அவர்கள் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஒருத்தி அழுதாள். ஒருவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். தங்கள் பெயர் ஊர் தெரியாதவர்களெல்லாம் இதைப் படிப்பார்கள், இனி யாரும் தங்களை அசைக்க முடியாது என்று அவர்கள் நம்பினார்கள். வீராயி அந்தத் தாளைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. மூன்றாம் நாள் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்துக்கு உண்டான முறைதானே இதற்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாளும் வந்தது, நான் சொல்லவில்லை.

பத்திரிகையில் என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சண்டையில் காகிதம் கிடைக்காமல் ஆசிரியர் தத்தளித்து, அச்சுக்கூடத்தையும் பத்திரிகையையும் ஒரு முதலாளியிடம் விற்றிருக்கிறார். அந்த முதலாளி கப்பல் டிக்கெட் ஏஜெண்டு. பஸ்ராவுக்குப் போகிற ஆட்களுக்கு அரிசி, கருவாடு அனுப்பும் கண்டிராக்டும் அவருடையதே. ஆசிரியர் தம் சொந்த நாற்காலியில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்து விளம்பரம் மாறியதை நான் கவனித்திருந்தேன், ஆனால் அதற்கும் என் செய்திக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கார்டில், "உமது நிருபம் கிடைத்தது. இடமின்மையால் சுருக்கப்பட்டது" என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

பல வருடம் கழித்துச் சிங்கப்பூரில் அவரை நேரில் பார்த்துக் கேட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நான் ஒண்ணும் புதுசாச் சேக்கலப்பா. பொம்பளைங்க வந்தது நெசம். கூட்டம் நெசம். வண்டி தாமதம் நெசம். ஏன்னு மட்டும் எடுத்துட்டேன்" என்றார். பிறகு, "அந்த ஏன் இருந்த எடத்துல சந்தோசம்னு ஒரு வார்த்தை தானா வந்து உக்காந்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

5

இரண்டு வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் முன்னால் மேஜை போட்டு, வெளியிலிருந்து வந்த ஒரு துரையும் அவருக்குத் தமிழைச் சொல்ல ஒரு துபாஷியும் உட்கார்ந்திருந்தார்கள். துபாஷி மூவார் ஊர்க்காரர், வயசானவர். நான் பேர்ப் புத்தகத்தோடு சுவர் ஓரமாக நின்றேன்.

கைநாட்டு வைத்துவிட்டு ஏன் போகவில்லை என்று துரை கேட்டார். சோலைமலை வாயைத் திறக்குமுன் வீராயி முன்னால் வந்தாள். மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். சோலைமலை அவள் கையைப் பிடித்து, "அது எதுக்கு புள்ள, நாமளே சொல்லுவோம்" என்றான். அவள் கேட்கவில்லை.

"நாம சொன்னா கூலி பேச்சும்பாங்க. இது அச்சுல வந்தது" என்றாள். மேஜைமேல் தாளை விரித்து வைத்து, "நாங்க ஏன் மறிச்சோம்னு எல்லாம் இதுலயே இருக்குதுங்க தொரை. படிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

துபாஷி படித்தார். முதலில் தமிழில் உரக்கவும் பிறகு இங்கிலீஷிலும் படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் படித்தார். மனமுவந்து கைநாட்டிட்ட பதினெண்மர். உற்சாக வழியனுப்பு. துரை தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். சம்மதித்துத்தான் போகப் புறப்பட்டிருக்கிறார்கள், வழியனுப்பவும் வந்திருக்கிறார்கள், பிறகு மனசு மாறுவது ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்று துபாஷி தமிழில் சொன்னார். அதற்கு அவர்களே கொண்டுவந்த சாட்சி மேஜைமேல் கிடந்தது.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "அது பொய், எழுதியவன் நான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். என்னையும் கப்பலில் ஏற்றியிருப்பார்கள். என் மகன் நடராஜன் பிறந்து அன்று நாற்பதாவது நாள். இதைக் காரணமாக நான் சொல்லவில்லை. சுவரோடு சுவராக நின்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வண்டியில் பதினெட்டுப் பேரையும் ஏற்றினார்கள். இந்தத் தடவை ஸ்டேஷனுக்குப் பெண்களை விடவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த வீராயி ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கிராணியய்யா, அந்தத் துபாஷி மாத்திப் படிச்சுட்டான். நீங்க படிச்சது எனக்கு வரி வரியா மனப்பாடம். மாத்தித்தானே படிச்சான்?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

6

பதினெட்டில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். சோலைமலை வரவில்லை. வந்த ஏழு பேருக்கும் அவனைப் பற்றித் தெரியவில்லை, செத்தான் என்றும் தகவல் இல்லை. நான் தோட்ட வேலையை விட்டு டவுனில் கடை வைத்ததே மனு எழுதத்தான் என்று சொல்லலாம். எந்தெந்தக் காரியாலயத்துக்கோ எழுதினேன். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்: பித்தளை வில்லையின் நம்பரைத் தெரிவித்தால் தேடப்படும், பெயரை வைத்துத் தேட வழியில்லை. அந்த நம்பர் அவன் கழுத்தோடு போயிற்று. இதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒரு காரியாலயம் மட்டும் மனுப் பாரம் அச்சடித்து அனுப்பியது. பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். முதல் கட்டத்திலேயே நம்பர் கேட்டிருந்தது.

வீராயி வருடா வருடம் வந்தாள். மகளைக் காஹாங் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். தாளை வேறு யாரிடமும் காட்ட மாட்டாள். "ஒருத்தன் கையில குடுத்துக் கெட்டேன். இனி உங்க கையைத் தவிர எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்பாள். மூவாரில் அந்தத் துபாஷி இறந்துபோன சேதி வந்தபோது, "நல்லாச் செத்தான்" என்றாள். சரியாகப் படித்த மனிதர் அவர் ஒருவர்தான். அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தவன் நான்.

ஒரு வருடம் ஆறு பெருகி லயம் மூழ்கியது. அந்தத் தாள் வெள்ளத்தோடு போய்விட வேண்டும் என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் வேண்டினேன். வெள்ளம் வடிந்தபின் அவள் வந்தாள். பானை சட்டி எல்லாம் போயிற்று, டின்னை மட்டும் தலையில் வைத்துக் காப்பாற்றினேன் என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால், புருஷன் வேண்டாம் என்று சொல்லியும் அந்தத் தாளை மேஜையில் விரித்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். துபாஷியை வெறுத்துக்கொண்டு அவள் பிழைத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். இதில் எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு என் முகத்தைக் காப்பாற்ற என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்தேன். "கப்பல்ல ரொம்ப சூசாவாப் போச்சு" என்றேன். சூசா யார் என்று தம்பி மனைவி கேட்டாள். கஷ்டத்துக்கு இங்கே மலாயில் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கஷ்டத்தைக்கூட ஊருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல முடியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் இருக்க வந்தவன் பத்து நாளில் கப்பல் ஏறிவிட்டேன்.

7

நடராஜனை மூவாரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தேன். இப்போது சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். இங்கிலீஷ் தந்தியைத் தமிழாக்குவது வேலை. அவன் எழுதுகிற வாக்கியம் வால் பக்கமிருந்து தலைக்கு நடக்கும். மாதம் ஒரு ஞாயிறு வருவான். என்னிடம் பேசுவதைவிடக் கடைக்கு வருகிற சீனத்துப் பையன்களிடம் மலாயில் பேசுவதில்தான் அவனுக்குச் சந்தோஷம். என் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவனும் கேட்டதில்லை.

இந்த வருடம் மாசி மகத்துக்கு முந்தின வாரம், ஜப்பான் சீனாவில் நடத்துகிற சண்டையை நிறுத்தச் சொல்லி, சிகாமட்டில் சீனர்கள் மீன்கடை முதல் மளிகை வரை சாத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். சத்தம் இல்லை. பள்ளிக்கூடப் பெண்கள் வெள்ளை உடுப்பில் முன்னால் போனார்கள். என் கடை வாசலைத் தாண்டித்தான் போனார்கள். நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, கால் தானாக எழுந்தது.

மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிறு காலை வண்டியில் வந்த நடராஜனின் பத்திரிகையில் அது இரண்டு வரி: சிகாமட்டில் மார்க்கெட் ஒரு நாள் மூடியிருந்தது, மீன் வாங்க வந்த பொதுஜனங்கள் சிரமப்பட்டனர். அதே வண்டியில்தான் அவனும் வந்திருந்தான்.

"இது யார் எழுதினது?" என்றேன்.

"நான்தான். ஏன்ப்பா?"

"அவங்க எதுக்கு மூடினாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் லா. யாருக்குத் தெரியாது? எங்க முதலாளி ஜப்பான் துணி எறக்குறாரு. அதைப் போய் எப்படிப் போடறது?"

"போடக்கூடாதுன்னு சொன்னாரா?"

"அவரு ஆபீஸ் பக்கமே வர மாட்டாருப்பா. யாரும் எதுவும் சொல்றதில்ல. சொல்லாமலே கை அப்படித்தான் எழுதுது. பொய் ஒண்ணும் எழுதலயே? மார்க்கெட் மூடியிருந்துச்சா இல்லையா?"

இதே பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அப்போது வாசலில் வீராயி வந்து நின்றாள்.

8

அவளுக்கு நடராஜனைப் பார்த்ததில் பெருமை. "தம்பி பேப்பர்லயே வேலை பாக்குதுன்னு சொன்னாங்க. இந்த வருசம் தம்பி படிக்கட்டும். உங்க ரத்தந்தானே" என்று டின்னைத் திறந்து தாளை அவனிடமே நீட்டினாள்.

தடுத்திருக்கலாம். ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வா என்று அவனை உள்ளே அனுப்பியிருக்கலாம். அன்றைக்குச் சுவர் ஓரம் நின்றது மாதிரியே நின்றேன்.

நடராஜன் படித்தான். நல்ல குரல் அவனுக்கு. உற்சாக வழியனுப்பு என்று தலைப்பிலிருந்து ஆரம்பித்து, தாமதமாயிற்று என்று முடித்தான். "பழைய ஸ்டைல்ல நல்லா எழுதியிருக்காங்க" என்று வேறு சொன்னான்.

"இன்னொரு தடவை தம்பி" என்றாள். படித்தான்.

வீராயி பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அந்தத் துபாஷியும் இதையேதான் படிச்சான்" என்றாள். தாளை வாங்கி மடித்துக்கொண்டே, "அவரு வேணாம்னாரு. நாந்தான் நீட்டுனேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கடுதாசின்னா மூணாம் நாள் நெசத்தைச் சொல்லிருவீங்களே. இதுக்கு மட்டும் ஏன்யா இத்தனை வருசம்?"

நான் அழுதேன். மகன் முன்னால் நான் அழுதது கிடையாது. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அச்சுல மாத்துனாங்க, நீங்க வாயில மாத்துனீங்க. என்னை மட்டும் எதுக்குத் திட்ட வந்தீங்க?" என்றான்.

வீராயி எங்கள் இருவரையும் பொருட்படுத்தவில்லை. நான் வருடா வருடம் படித்ததை, அதாவது நான் அன்று எழுதி அனுப்பிய செய்தியை, அவள் வாயால் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. "எழுதிக்கங்க தம்பி. உங்க பேப்பர்ல போடுங்க" என்றாள். நடராஜன் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டான். போடுவேன் என்றும் சொன்னான். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் மறு வாரமும் வந்தது இதுதான் முதல் தடவை. வண்டியிலிருந்து கட்டு வந்து இறங்கியிருந்தது. நான் கயிற்றை அவிழ்த்து எல்லாப் பக்கமும் இரண்டு தடவை பார்த்தேன். கட்டோடு நடராஜனின் கார்டும் இருந்தது: இடமில்லாததால் சேர்க்க முடியவில்லை.

"வந்திருக்கா?" என்றாள்.

பத்திரிகை என் கையில்தான் இருந்தது. தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பித்திருக்கலாம். என் வாய்க்கு அது பழக்கம். அவளுக்கு நாலு நாள் நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

"இல்லை. வரல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிஸ்கட் டின்னை என் மேஜைமேல் வைத்தாள். "இது இனி எனக்கு எதுக்கு. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் டவுன் பக்கம் வரவில்லை. டின் இதை எழுதுகிற மேஜையில்தான் இருக்கிறது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் பத்திரிகை இப்போது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீராயி சொன்னதை அவள் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர்களே, கீழே அது இல்லையென்றால், இந்தப் பத்திரிகைக்கும் முதலாளி மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை யாராவது உங்களுக்குப் படித்துக்காட்டினால் அதோடு விடாதீர்கள். தாளை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

சிகாமட் ஸ்டேஷனில் தோட்டத்துப் பெண்கள் நாற்பது பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தங்கள் ஆட்களைச் சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். கூச்சல் போடவில்லை, கல் எறியவில்லை. ஆட்களும் இந்தச் சண்டை எங்களுடையது இல்லை என்று சொல்லி ஏற மறுத்தார்கள். வண்டி ஒரு மணி நேரம் நின்றது. அன்று ஒருவரும் ஏறவில்லை.